பட்டிப் பொங்கல் இரவில் வன்னியைக் கடந்த அலை

2018 டிசம்பர் 22ஆம் திகதியை வன்னி மக்கள் மறக்கமாட்டார்கள். முதல் நாள் இரவு கொட்டத் தொடங்கிய மழை விடியும்போது வீட்டு வாசலில் வெள்ளமாக நின்றது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்திருந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மக்கள் குடும்பம் குடும்பமாகப் பாடசாலைகளுக்கும் பொதுநோக்கு மண்டபங்களுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். காலபோக வயல்கள் தண்ணீருக்குள் கிடந்தன.

அன்று மாலை, இலங்கை நேரப்படி ஏழரை மணியளவில், இங்கிருந்து ஏறத்தாழ 3,200 கிலோமீற்றர் தென்கிழக்கே சுந்தா நீரிணையில் அனக் கிரகட்டாவ் எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலுக்குள் விழுந்தது. அதில் எழுந்த ஆழிப்பேரலை ஜாவா, சுமாத்திரா கரைகளில் 400க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது.

ஒரே நாள், இரண்டு பேரழிவு, இரண்டிலும் தண்ணீர். இரண்டையும் ஒரே முடிச்சில் போட யாருக்கும் மனம் வரும். ஆனால் அங்கே எந்தத் தொடர்பும் இல்லை. மலை சரிவதற்கு முன்னரே வன்னி வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்தது. 2025 நவம்பரிலும் இப்படி ஒரு சோடி வந்தது. 23ஆம் திகதி எத்தியோப்பியாவின் ஹெய்லி குப்பி எரிமலை வெடித்து, அதன் சாம்பல் செங்கடலையும் அரபிக் கடலையும் தாண்டி வட இந்திய வானுக்கு வந்து விமானங்களை நிறுத்தியது. அதே கிழமையில் டித்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. சாம்பல் வடக்கே மிக உயரத்தில் கடந்து போனது; புயலோ தன் பலத்தை வங்காள விரிகுடாவின் சூடான நீரிலிருந்து எடுத்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை.

அப்படியானால் எரிமலைக்கும் கிளிநொச்சி வானத்துக்கும் எப்போதுமே தொடர்பில்லையா? இருக்கிறது. அது நடந்தபோது ஊரில் எவருக்கும் தெரியவில்லை என்பதுதான் கவலை.

2022 ஜனவரி 15, பட்டிப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பட்டியில் பொங்கிய நாள். அன்று காலை இலங்கை நேரம் 9.45 அளவில் பசிபிக் கடலில் டொங்கா நாட்டின் ஹுங்கா எரிமலை வெடித்தது. புகைத் தூண் 57 கிலோமீற்றர் உயரம் வரை எழுந்தது. வெடிப்பின் அதிர்ச்சியில் வளிமண்டலமே குளத்து நீர்போல அலையெழுப்பியது. அந்த அமுக்க அலை மணிக்கு 1,100 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் உலகம் முழுவதும் பரவியது. கிளிநொச்சிக்கும் அந்த எரிமலைக்கும் இடைத்தூரம் 11,800 கிலோமீற்றர் சொச்சம். கணக்குப் போட்டால் இரவு 8.20 அளவில் அலை இந்த மண்ணைக் கடந்திருக்க வேண்டும். இலை அசையவில்லை, நாய் குரைக்கவில்லை. பாரமானி வைத்திருந்த வீட்டில் மட்டும் அது தெரிந்திருக்கும். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வீட்டு முற்றத்தில் சிறு வானிலைக் கருவி வைத்திருந்த ஆயிரக்கணக்கான ஆர்வலர்கள் தங்கள் அமுக்கக் கோடு திடீரென எகிறித் தாழ்ந்ததைக் கண்டு பதிவு செய்தார்கள். சென்னையிலும் அது பதிவானது.

இல்லாத தொடர்பை நம்பவும், இருக்கும் தொடர்பைக் காணாமல் விடவும் காரணம் ஒன்றுதான்: அளந்து எழுதி வைக்கும் பழக்கம் ஊரளவில் இல்லை. எரிமலையே இல்லாத நாட்டில், அதுவும் கிளிநொச்சியில், எரிமலைக் கண்காணிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். எரிமலையின் கையெழுத்து மலையடிவாரத்தில் மட்டும் விழுவதில்லை. கடல் மட்டத்தில், பாரமானியில், அந்தி வானத்தில், அடுத்த ஆண்டு மழையில் விழுகிறது. அதைப் படிக்க மலை தேவையில்லை. கொப்பியும் பொறுமையும் போதும்.

இந்த அறிவே அப்படித்தான் பிறந்தது. 1883 ஓகஸ்ட் 26, 27ஆம் திகதிகளில் கிரகட்டாவ் வெடித்தபோது அதன் சத்தம் இந்து சமுத்திரம் முழுவதும் உருண்டது. இலங்கையில் தொலைவில் பீரங்கி சுடுவதுபோல் கேட்டது. 27ஆம் திகதி பகல் காலித் துறைமுகத்தில் கடல் உள்வாங்கி, வள்ளங்கள் தரை தட்டி நின்றன. கிழக்கே பாணமைப் பக்கத்தில் அலையில் ஓர் உயிர் போனது. 2004 டிசம்பர் 26ஐ அனுபவித்த முல்லைத்தீவுக் கரைக்குக் கடல் உள்வாங்குவதன் பொருளை விளக்கத் தேவையில்லை. 1883இல் அதைக் கண்டவர்களுக்கோ காரணம் உடனே தெரியவில்லை.

பிறகு வானம் நிறம் மாறியது. செப்டம்பர் 9ஆம் திகதி தொடங்கிச் சில நாள்கள் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் எழுந்து விழுந்தது. எரிமலைத் தூசும் கந்தக மூட்டமும் கிழக்கிலிருந்து மேற்காக உலகைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஓகஸ்ட் 28இல் சீஷெல்ஸ், செப்டம்பர் 2இல் டிரினிடாட், 5இல் ஹொனலூலு, 9இல் நமது வானம். பதின்மூன்று நாளில் பூமியின் இடுப்பைச் சுற்றி ஒரு முழுச் சுற்று. நிலநடுக்கோட்டின்மேல் உயரத்தில் இப்படி ஒரு காற்று ஓடுகிறது என்று அதுவரை எவருக்கும் தெரியாது. பலூனும் செய்மதியும் இல்லாத காலத்தில் அதைக் காட்டிக் கொடுத்தது, இந்த ஊரில் இந்தத் திகதியில் சூரியன் பச்சை என்று யார் யாரோ எழுதி வைத்த குறிப்புகள். கப்பல் மாலுமிகள், பாதிரிமார், தோட்டத் துரைமார், தந்தி உத்தியோகத்தர்கள் எழுதியவை. ஹொனலூலுவில் செரீனோ பிஷப் என்ற பாதிரியார் சூரியனைச் சுற்றி நீலம் கலந்த வெண்மையும் அதன் ஓரத்தில் செம்பழுப்பு வளையமும் இருப்பதைக் கண்டு எழுதினார். இன்றும் அதற்குப் பிஷப் வளையம் என்றே பெயர்.

அந்தக் குறிப்புகளைத் திரட்டியவரின் கதைதான் கிளிநொச்சிக்கு மிகவும் வேண்டியது. 1884இல் லண்டன் ரோயல் சொசைட்டி கிரகட்டாவ் பற்றி ஆராய ஒரு குழு அமைத்து, கண்டதையும் கேட்டதையும் அனுப்பும்படி பொதுமக்களைக் கேட்டது. வந்து குவிந்த தகவல்களைத் தொகுத்து 1888இல் பெரும் அறிக்கையாக வெளியிட்டவர் ஜோர்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ். அவர் எரிமலை ஆய்வாளர் அல்லர், மழை அளப்பவர். 1860இல் 168 இடங்களின் மழைக் கணக்கோடு தொண்டர் வலையமைப்பு ஒன்றைத் தொடங்கி, 1900இல் அவர் இறக்கும்போது அதை 3,400க்கும் மேற்பட்ட மழைமானிகளாக வளர்த்திருந்தார். பாடசாலை ஆசிரியர், வைத்தியர், தோட்டக்காரர் என்று ஊதியம் இல்லாமல் தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதியவர்களை நம்பி வாழ்நாள் முழுக்க வேலை செய்த மனிதர் அவர். எந்தக் குறிப்பை நம்பலாம், எதை ஒதுக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உலகின் முதல் பெரிய எரிமலை - வானிலை ஆவணத்தை மழைமானிக்காரர் ஒருவர் தொகுத்தது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

1883இன் அதே செப்டம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பௌதிகப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் பச்சைச் சூரியனை நிறமாலைமானியால் பார்த்தார். காற்றில் நீராவி மிகுந்திருப்பதற்கான கோடுகள் தடிப்பாகத் தெரிந்தன. காரணம் நீராவிதான் என்ற பக்கம் அவர் மனம் சாய்ந்தது. பின்னர் உலகம் ஏற்றுக்கொண்டது எரிமலைத் தூசை. அவருடைய விளக்கம் நிற்கவில்லை. அவர் எழுதி வைத்த திகதியும் நேரமும் நிறமும் நின்றன. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்தவரும் இவரே. வன்னியின் பிள்ளைகளுக்கு இந்தச் சம்பவத்தைப் பாடமாகவே சொல்லிக் கொடுக்கலாம். கண்டதை ஒரு பக்கத்தில் எழுது, நினைத்ததை மறுபக்கத்தில் எழுது.

போரும் பஞ்சமும் கண்ட இடத்தில் இதெல்லாம் யாரால் முடியும் என்ற கேள்வி வன்னியில் எழாமல் இராது. ஜப்பானின் சோபெட்சு ஊர்த் தபாலதிபர் மிமாட்சு மசாவோ அதற்கு உயிருள்ள மறுமொழி. 1943 டிசம்பரில் அவருடைய ஊர் நிலம் நடுங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோதுமை வயல் ஒன்று வீங்கி எழுந்து, மலையாக வளர ஆரம்பித்தது. உலகப் போர் நடந்த காலம். ஆராய்ச்சியாளர்கள் வந்து தங்கிப் பார்க்கும் நிலை இல்லை. மக்கள் கலங்கிவிடக் கூடாது என்று அரசு செய்தியையும் மறைத்தது. மிமாட்சுவிடம் கருவி எதுவும் இல்லை. தபாலகத்தின் பின்புறம் கம்பம் நட்டு, குறுக்கே நூல்களைக் கட்டி, நாடியை ஒரே இடத்தில் ஊன்றி, நூலுக்கு மேல் மலை எவ்வளவு எழுந்திருக்கிறது என்று நாள் நாளாக வரைந்தார். 1945 செப்டம்பர் வரை விடாமல் வரைந்தார். 1948இல் ஒஸ்லோவில் கூடிய உலக எரிமலை ஆய்வாளர்கள் அந்தப் படத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். ஒரு எரிமலை பிறந்து வளர்ந்ததன் அரிதான, நுணுக்கமான பதிவு. நூலும் பென்சிலும் வைத்து ஒரு தபாலதிபர் செய்த வேலை அது.

எரிமலை வானிலையை எப்படி மாற்றுகிறது என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு மலையைத் தேடத் தொடங்கிவிடுவோம். சாம்பல் பாரமானது, சில நாள்களில், மிஞ்சினால் சில கிழமைகளில் விழுந்துவிடும். நீண்ட வேலை செய்வது கந்தக வாயு. வெடிப்பு பலமாக இருந்து அந்த வாயு முகில்களுக்கு மேலே படை மண்டலத்துக்குப் போனால், அங்கே மழை இல்லாததால் கழுவப்படாமல், நுண்ணிய அமிலத் துளிகளாக ஓரிரு ஆண்டு மிதந்து வெயிலைத் திருப்பி அனுப்பும். 1991 ஜூன் 15இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ அப்படி அனுப்பிய கந்தக ஈரொட்சைட்டு 150 இலட்சம் தொன்னுக்குக் குறையாது. அடுத்த ஆண்டு உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரைப் பாகை குறைந்தது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்த பின் 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. இந்தியப் பருவமழையும் குழம்பியது. தரை கடலைவிட விரைவாகக் குளிர்வதால் இரண்டுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு சுருங்கி, பருவக்காற்றின் இழுவை தளரும்.

ஆனால் ஹுங்கா வேறு மாதிரி. கடலுக்கடியில் வெடித்ததால் அது கந்தகத்தைவிட நீராவியையே அள்ளிக் கொட்டியது: 1,400 இலட்சம் தொன்னுக்கும் மேல், படை மண்டலத்தில் ஏற்கெனவே இருந்த நீரில் பத்திலொரு பங்கு. நீராவி வெப்பத்தைப் பிடித்து வைப்பது. ஆக எல்லா எரிமலையும் ஒரே விதமாய் வானத்தைத் தொடுவதில்லை. ஒரு நாள் மழையை எரிமலைமேல் போடுவது தவறு. இரண்டு மூன்று பருவத்தின் மழை கூடியதா குறைந்ததா என்று கேட்பதே சரியான கேள்வி. வன்னியின் காலபோகம் வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்களை நம்பியது. எல் நினோவும் அதில் கை வைக்கும். இவற்றுக்கு நடுவே எரிமலையின் பங்கைப் பிரித்தெடுக்கப் பல பத்தாண்டு மழைக் கணக்கு வேண்டும். இரண்டு கிராமத்துக்கு ஒன்றாவது வேண்டும். மழை ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது கமக்காரருக்குத் தெரியும். பரந்தனில் பெய்வது அக்கராயனில் பெய்யாது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போர்ட் கொலின்ஸ் நகரம் இதைப் பெரும் விலை கொடுத்துத்தான் அறிந்தது. 1997 ஜூலை 28 இரவுவரை நகரின் மேற்குப் புறத்தில் பெய்த மழை 350 மில்லிமீற்றரைத் தொட்டது. சில கிலோமீற்றர் தள்ளி 50 மில்லிமீற்றர்கூட இல்லை. வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். எங்கே எவ்வளவு பெய்தது என்பதை உரிய நேரத்தில் சொல்லப் போதிய மழைமானிகள் இருக்கவில்லை. அடுத்த ஆண்டே அங்குள்ள பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளர் நோலன் டெஸ்கென் மாணவர்களையும் ஊரவரையும் சேர்த்து, வீட்டுக்கு வீடு மழை அளக்கும் தொண்டர் அணியைத் தொடங்கினார். இன்று அதில் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவ்வளவு தூரமும் போகத் தேவையில்லை. கேரளத்தின் மீனச்சில் ஆற்றோரத்தில் மாணவர்களும் ஊர் மக்களும் மழையும் ஆற்று மட்டமும் அளந்து ஒருவருக்கொருவர் அறிவிக்கிறார்கள்.

2018 வெள்ளத்துக்குப் பிறகு வன்னியில் வாதம் எழுந்தது, இரணைமடுவின் கதவை முன்னரே திறந்திருக்கலாமா என்று. வாதம் நியாயமானது. ஆனால் மேலே காட்டில் மணிக்கு மணி எவ்வளவு பெய்தது என்ற கணக்கு மக்கள் கையில் இல்லாமல் அந்த வாதத்துக்கு முடிவு கிடையாது.

ஆகவே கேட்க வேண்டியதை நேராகவே கேட்கலாம். வடமாகாணக் கல்வித் திணைக்களம் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானியும் ஒரு கொப்பியும் வைக்கட்டும். வளிமண்டலவியல் திணைக்களம் மழை அளக்கும் காலை 8.30 மணிக்கே பிள்ளைகளும் அளக்கட்டும்; அப்போதுதான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். விடுமுறை நாளிலும் அளக்க, பாடசாலைக்கு அருகில் உள்ள ஒரு வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். நீர்ப்பாசனத் திணைக்களம் குளங்களில் எடுக்கும் மழை அளவை அன்றன்றே தமிழில் மக்களுக்கு வெளியிடட்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. நிமிடத்துக்கு நிமிடம் அமுக்கத்தைப் பதியும் கருவி ஒன்றை அங்குள்ள மாணவர்களே செய்து, கிராமத்துக்கு ஒன்றாகப் பரப்பலாம். அதற்கான உணரியின் விலை பெரிதல்ல. பல கைத்தொலைபேசிகளுக்குள்ளேயே பாரமானி இருக்கிறது. நமது அகலாங்கில் அமுக்கம் மணிக்கூடுபோல் ஏறி இறங்கும்: காலை பத்து, இரவு பத்தில் உச்சம், அதிகாலை நான்கு, மாலை நான்கில் தாழ்வு. ஒரு மாதம் எழுதிப் பார்த்த பிள்ளைக்கு அந்த ஒழுங்கு மனப்பாடமாகிவிடும். பிறகு தாழமுக்கம் நெருங்கினால் கோடு சரியும். தொலைவில் எரிமலை வெடித்தால் துள்ளும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா தமிழில் எழுதும் மழை அறிவிப்புகளை வடக்கில் மீனவரும் கமக்காரரும் தேடிப் படிக்கிறார்கள். மக்கள் வானத்தைக் கவனிக்கத் தயார் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. படிப்பவர்களை அளப்பவர்களாக்குவதே அடுத்த படி. பயிற்சியில்லாதவர்கள் எடுக்கும் அளவு பிழையாக இருக்குமே என்று அதிகாரிகள் தயங்கலாம். தனிக் கொப்பி பிழைக்கும். அயலிலுள்ள இருபது கொப்பிகளோடு ஒப்பிட்டால் பிழை தானே வெளியே வரும். சைமன்ஸ் நாற்பது ஆண்டு செய்தது அதைத்தான்.

இன்றே தொடங்க விரும்புபவர்களுக்கு: அடி முதல் வாய்வரை ஒரே அகலமான போத்தல் ஒன்று, அடிமட்டம் ஒன்று, மரத்துக்கும் கூரைக்கும் விலகிய திறந்த இடம். விழுந்த நீரின் ஆழமே மழையின் மில்லிமீற்றர். அந்தி வானத்தையும் பாருங்கள். வயல் எரிப்புப் புகையும் தூசியும் சூரியன் விழும்போதே வானத்தைச் சிவப்பாக்கும். எரிமலை மூட்டமோ சூரியன் மறைந்து கால்மணி நேரம் கழித்து, இருட்டவேண்டிய நேரத்தில், மேற்கை ஊதா கலந்த சிவப்பாக மீண்டும் ஒளிர வைக்கும். "அகல் வட்டம் பகல் மழை" என்று நிலாவைச் சுற்றிய வளையம் பார்த்து வளர்ந்தவர்கள், சூரியனைச் சுற்றிய செம்பழுப்பு வளையத்தையும் காணலாம். சூரியனை நேரே பார்க்கக் கூடாது. பனைமரத்தால் மறைத்துக்கொண்டு சுற்றுப்புறத்தைத்தான் பார்க்க வேண்டும். 1,500 கிலோமீற்றர் கிழக்கே, அந்தமான் கடலில், தெற்காசியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலையான பாரன் தீவு 2025 செப்டம்பரில்கூடப் புகைந்தது. வெடிப்புகள் சிறியவை; ஆனாலும் அது நமக்கு அயல் வீடு.

முழுச் சந்திர கிரகணமும் ஓர் எரிமலைமானி. அப்போது நிலாவில் விழும் மங்கிய சிவப்பு ஒளி, பூமியின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்றினூடாக வளைந்து போகும் ஒளி. படை மண்டலத்தில் எரிமலை மூட்டம் இருந்தால் நிலா கறுத்துவிடும். பாலியின் ஆகுங் மலை வெடித்த 1963இன் டிசம்பரில் நிலா கிட்டத்தட்டக் காணாமலே போனது. பினாடுபோவுக்குப் பின் 1992 டிசம்பரிலும் மிகவும் இருண்டது. பிரெஞ்சு வானியலாளர் டான்ஜோன் 1921இல் இதற்கு ஓர் எளிய அளவுகோல் தந்தார்: மிக இருண்டால் 0, செம்புபோல் பளிச்சென்றால் 4. வெறுங்கண் போதும். 2025 செப்டம்பர் 7 இரவு இலங்கையில் தெரிந்த முழுக் கிரகணத்தில் எத்தனை பேர் அந்த எண்ணை எழுதி வைத்தார்கள்? 2028 டிசம்பர் 31 இரவு 10.20ஐ ஒட்டி அடுத்த வாய்ப்பு உண்டு. மாரி முகில் வழி விட்டால், வருடப் பிறப்புக்கு விழித்திருக்கும் வீடுகளில் ஒருவராவது முற்றத்துக்கு வந்து, நிலாவின் நிறத்தைப் பார்த்து, நேரத்தையும் எண்ணையும் கொப்பியில் குறித்து வையுங்கள்.